நார்தர்ன் ரயில் யாருடையது? பெயர் மாறிக்கொண்டே இருந்த ஒரு கம்பெனியின் கதை

கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் மான்செஸ்டர், லீட்ஸ், நியூகாசில் பக்கம் ஓடும் நார்தர்ன் ரயில் கம்பெனி தனியாருடையதா, அரசுடையதா? பழைய படங்களைப் பார்த்தால் அதே வண்டி மீது வேறு வேறு பெயர் எழுதியிருக்கிறதே, ஏன்? இனியும் பெயர் மாறுமா?

ஒரு வரியில் சொல்வதானால், 2020 மார்ச் 1 முதல் அது பிரிட்டிஷ் அரசுடையது. அதற்கு முன் 1997-லிருந்து தனியார் கையில் இருந்தது. ஆனால் அந்தத் "தனியார்" யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். 2004 முதல் 2016 வரை அதில் பாதி நெதர்லாந்து அரசுடையது. 2016 முதல் 2020 வரை முழுக்க ஜெர்மன் அரசுடையது. ரயில் ஓட்டுவது அரசின் வேலை இல்லை என்று பிரிட்டன் முடிவு செய்தது. அந்த வேலையை எடுத்துச் செய்ய வந்தவை பக்கத்து நாட்டு அரசு ரயில்வேக்கள்.

பெயர் ஏன் மாறிக்கொண்டே இருந்தது என்பதற்கு, அங்கே ஒரு "ரயில் கம்பெனி" என்பது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். 1993-ல் வந்த ரயில்வே சட்டம், அதுவரை அரசு நடத்திய பிரிட்டிஷ் ரயில் நிறுவனத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தது. தண்டவாளமும் சிக்னலும் ரெயில்ட்ராக் என்ற தனிக் கம்பெனிக்குப் போயின. அது நொடித்துப்போய், 2002-ல் நெட்வொர்க் ரெயில் அந்த இடத்துக்கு வந்தது. பெட்டிகளும் இன்ஜின்களும் ஏஞ்சல், எவர்ஷோல்ட், போர்ட்டர்புரூக் என்ற மூன்று வாடகைக் கம்பெனிகளுக்குப் போயின. மிஞ்சியது வண்டியை ஓட்டும் உரிமை மட்டும். அதை இருபத்தைந்து துண்டாக்கி, சில வருடங்களுக்கு என்று ஏலம் விட்டார்கள். இந்த உரிமைக்கு ஃபிரான்சைஸ் என்று பெயர்.

ஆக, ஃபிரான்சைஸ் எடுத்த கம்பெனிக்குத் தண்டவாளம் சொந்தமில்லை, வண்டி சொந்தமில்லை. முக்கியமான டிக்கெட் கட்டணங்களுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. எந்த ஊருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை வண்டி விட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். கம்பெனியின் கையில் இருந்தது டிரைவர்கள், கார்டுகள், ஸ்டேஷன் ஊழியர்கள், அப்புறம் பெயின்ட் டப்பா. ஒப்பந்தம் கை மாறினால் ஊழியர்கள் பழைய சம்பளம், பழைய பணி நிபந்தனைகளோடு அப்படியே புதிய கம்பெனிக்கு வந்துவிடுவார்கள். சட்டம் அப்படி. அவர்கள் மேல்சட்டையில் உள்ள பேட்ஜும் வண்டியின் நிறமும் மாறும். நீங்கள் படங்களில் பார்த்த பெயர்கள் இப்படி வந்தவைதான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். பிரிட்டிஷ் ரயில் இருந்த காலத்திலேயே, 1982-ல், வேலையைப் பிரிவு பிரிவாக்கி, லண்டனுக்கு வெளியே உள்ள ஊர்ப்புற ரயில்களை எல்லாம் ஒரு தனிப் பிரிவில் போட்டார்கள். 1989-ல் அதற்கு ரீஜனல் ரெயில்வேஸ் என்று பெயர் வைத்தார்கள். செலவு அதிகம், வரவு குறைவு. எப்போது மூடுவார்கள் என்று தெரியாத பாதைகள் அதில் நிறைய. செட்டில் - கார்லைல் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிபிள்ஹெட் என்ற இடத்தில் 24 வளைவுகள் கொண்ட பெரிய கல் பாலம் அதில் இருக்கிறது. பாலத்தைப் பழுதுபார்க்கப் பணமில்லை, பாதையையே மூடிவிடலாம் என்று 1980-களில் முயன்றார்கள். மக்கள் பல வருடம் போராடி, 1989-ல் மூடும் முடிவு கைவிடப்பட்டது. இன்று அங்கே ஓடுவது நார்தர்ன் வண்டிதான்.

தனியார்மயம் வந்தபோது வடக்கை இரண்டாக வெட்டினார்கள், பென்னைன் மலைக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று. 1997 மார்ச் 2 அன்று இரண்டும் கைமாறின. கிழக்கை எடுத்தது எம்.டி.எல்., லிவர்பூலில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி. 1998-ல் அதற்கு நார்தர்ன் ஸ்பிரிட் என்று பெயர் வைத்தார்கள். மேற்கை எடுத்தது கிரேட் வெஸ்டர்ன் ஹோல்டிங்ஸ். நார்த் வெஸ்டர்ன் டிரெயின்ஸ் என்று ஓட்டினார்கள். அடுத்த வருடமே ஃபர்ஸ்ட்குரூப் அந்தக் கம்பெனியை வாங்க, அது ஃபர்ஸ்ட் நார்த் வெஸ்டர்ன் ஆனது.

எம்.டி.எல். ரொம்ப நாள் தாங்கவில்லை. வருடா வருடம் அரசு மானியம் குறைந்துகொண்டே போகும் என்று ஒப்பந்தம். செலவைச் சுருக்கப் பார்த்தார்கள், டிரைவர் பற்றாக்குறையில் போய் முடிந்தது. டிரைவர் இல்லையென்றால் வண்டி ரத்து. 2000 பிப்ரவரியில் அரைவா என்ற போக்குவரத்துக் கம்பெனி எம்.டி.எல்.லை வாங்கியது. ஏப்ரலில் நார்தர்ன் ஸ்பிரிட் என்பது அரைவா டிரெயின்ஸ் நார்தர்ன் ஆனது. டிரைவர் பஞ்சமும் கூடவே வந்தது. ஒரு ரயில் டிரைவரைத் தயார் செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இன்று ஆட்குறைப்பு செய்தால் அதன் வலி இரண்டு வருடம் கழித்து, அப்போது நிர்வாகத்தில் இருப்பவர் தலையில் விழும். இந்தக் கதையில் இது மறுபடி மறுபடி வரும்.

2004-ல் வரைபடத்தையே மாற்றி வரைந்தார்கள். லிவர்பூல், மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற பெரிய ஊர்களை இணைக்கும் வேகமான, வருமானமுள்ள வண்டிகளைத் தனியே எடுத்து டிரான்ஸ்பென்னைன் எக்ஸ்பிரஸ் என்று ஒரு கம்பெனி. மிச்சமிருந்த ஊர்ப்புற வண்டிகள், கிழக்கு மேற்கு இரண்டையும் சேர்த்து, நார்தர்ன் ரெயில் என்று ஒரு கம்பெனி. 2004 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. எடுத்தவர்கள் செர்கோ என்ற தனியார் கம்பெனியும் நெட்ரெயில்வேஸும், ஆளுக்குப் பாதி. நெட்ரெயில்வேஸ் என்பது நெதர்லாந்து அரசு ரயில்வேயின் கம்பெனி, பின்னாளில் அபெல்லியோ என்று பெயர் மாறியது.

நார்தர்னுக்கு நேர்ந்த எல்லாவற்றுக்கும் மூலம் எது என்று கேட்டால் இந்த 2004 ஒப்பந்தத்தைத்தான் கைகாட்டுவேன். பயணிகள் எண்ணிக்கை வளராது என்ற அனுமானத்தில் அதை எழுதினார்கள். வளராது என்றால் புது வண்டி எதற்கு? ஒரு புது வண்டி கூட வாங்கத் தேவையில்லாமல் கையெழுத்தானது. அடுத்த பன்னிரண்டு வருடம் என்ன நடந்தது? மான்செஸ்டரிலும் லீட்ஸிலும் நகர மையத்தில் வேலைகள் பெருகின. கார் நிறுத்த இடமில்லை. ரயிலில் கூட்டம் கூடிக்கொண்டே போனது. காலையில் இரண்டு பெட்டி வண்டி வரும், நடைமேடையில் நான்கு பெட்டிக்கு ஆள் நிற்பார்கள். ஓட்டும் கம்பெனியைக் கேட்டால், ஒப்பந்தத்தில் இல்லை என்பார்கள். பொய்யும் இல்லை.

கூடுதல் வண்டி வேண்டுமென்றால் வேறு யாராவது கழித்துப் போட்டது கிடைத்தால்தான் உண்டு. லிவர்பூல் - மான்செஸ்டர் பாதைக்கு மின்சாரக் கம்பி போட்டதும் 2015 மார்ச்சில் அங்கே வந்தவை லண்டனில் 1980-களின் கடைசியிலிருந்து ஓடித் தேய்ந்த 319 ரக வண்டிகள். 1830-ல் உலகின் முதல் நகரிடை ரயில் ஓடிய பாதை அது. அண்ணன் போட்ட சட்டை தம்பிக்கு என்பது போல, லண்டனுக்குப் புதுசு வந்தால் வடக்குக்குப் பழசு வரும்.

ஆனாலும் 319 எவ்வளவோ தேவலை. வடக்கத்தியர்கள் தனியார்மயத்தைத் திட்டும்போது அவர்கள் மனக்கண்ணில் நிற்கும் வண்டி பேஸர்.

பேஸரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ரயிலிடம் பணமில்லை. பழைய டீசல் வண்டிகள் ஆயுள் முடியும் நிலையில் இருந்தன. அதே நேரம் லேலண்ட் கம்பெனி வடமேற்கு இங்கிலாந்தின் வொர்க்கிங்டனில் லேலண்ட் நேஷனல் என்ற பஸ்ஸைச் செய்துகொண்டிருந்தது. நம் எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரில் பாதியாக இருக்கும் அதே லேலண்ட்தான். அந்த பஸ்ஸின் உடலை எடுத்து, சரக்கு வேகன் அடிச்சட்டத்தின் பாணியில் செய்த ஒரு சட்டத்தின் மேல் உட்கார வைத்தால் மலிவான ரயில் கிடைக்குமே என்று யாருக்கோ தோன்றியது. கிடைத்தது. இதில் 142 என்ற ரகம் மட்டும் 1985 முதல் 1987 வரை 96 வண்டிகள் வந்தன.

சாதாரண ரயில் பெட்டிக்குக் கீழே இரண்டு போகி இருக்கும். நான்கு நான்கு சக்கரம் கொண்ட, தனியாகத் திரும்பக்கூடிய வண்டிச் சட்டங்கள் அவை. வளைவில் போகி திரும்பிக்கொடுக்கும். பேஸரில் போகி கிடையாது. பெட்டிக்கு இரண்டே அச்சு, நான்கே சக்கரம், அதுவும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. வளைவில் சக்கரம் தண்டவாளத்தோடு உராய்ந்து எழுப்பும் கிறீச்சென்ற சத்தம் பல்லைக் கூசவைக்கும். தண்டவாள இணைப்பு உள்ள இடங்களில் முன்னும் பின்னும் தலையாட்டிக்கொண்டு போகும். அதனால் "தலையாட்டும் கழுதை" என்று பட்டப்பெயர். உள்ளே பஸ் சீட், வாசலில் பஸ் போலவே மடங்கும் கதவு. தென்மேற்கில் கார்ன்வால் கிளைப் பாதைகளுக்கு முதலில் சிலவற்றை அனுப்பினார்கள். அங்கே வளைவுகள் கடுமை. சக்கரம் தேய்ந்த வேகத்தைப் பார்த்துவிட்டு ஓரிரு வருடத்தில் எல்லாவற்றையும் வடக்குக்கே தள்ளிவிட்டார்கள்.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேஸர் வராமல் இருந்திருந்தால் பல கிளைப் பாதைகளை 1980-களிலேயே மூடியிருப்பார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை என்னால் முழுக்கத் தள்ள முடியவில்லை. ஓடச் செலவு குறைவு, அதனால் பாதை பிழைத்தது. தப்பு எங்கே என்றால், இருபது வருடத்துக்கு என்று செய்ததை முப்பத்தைந்து வருடம் ஓட்டியதில். நார்தர்னிடம் மட்டும் நூற்றுச் சொச்சம் பேஸர்கள் இருந்தன.

அவற்றை ஒழித்த விதமும் வேடிக்கை. 2015-ல் அடுத்த ஒப்பந்தத்துக்கு டெண்டர் தயாரானபோது, பேஸர்களை மாற்றியே ஆக வேண்டும் என்று அதில் எழுத வேண்டுமா என்ற கேள்வி வந்தது. போக்குவரத்துத் துறையின் தலைமை அதிகாரி பிலிப் ரட்னம் கணக்குப் போட்டுப் பார்த்து, செலவுக்கேற்ற பலன் இல்லை, என்னால் பரிந்துரைக்க முடியாது என்று எழுத்தில் கொடுத்தார். அங்கே அதிகாரி அப்படி எழுதிவிட்டால், மந்திரி தன் பொறுப்பில் எழுத்து மூலம் உத்தரவு போட்டால்தான் காரியம் நகரும். மந்திரி பேட்ரிக் மெக்லோக்லின் அந்த உத்தரவைப் போட்டார். தேர்தலுக்கு மூன்று மாதம் கூட இல்லாத நேரம் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அந்தக் கணக்கைவிட அந்தக் கையெழுத்துதான் சரி என்பது என் எண்ணம்.

புதிய ஒப்பந்தம் அரைவாவுக்குப் போனது. 2016 ஏப்ரல் 1 அன்று அரைவா ரெயில் நார்த் தொடங்கியது. வெளியே தெரியும் பெயர் வெறும் நார்தர்ன். இதற்குள் அரைவாவை ஜெர்மன் அரசு ரயில்வே டாய்ச பான் 2010-ல் வாங்கியிருந்தது. இந்த முறை வாக்குறுதிகள் ஏராளம். வாரத்துக்கு 2,000-க்கும் மேல் கூடுதல் வண்டிகள், ஸ்பெயினின் காஃப் கம்பெனியிடமிருந்து 101 புது ரயில்கள், பேஸருக்கு விடை. 2017 பிப்ரவரியில், நிலச்சரிவால் ஒரு பகுதி மூடியிருந்த செட்டில் - கார்லைல் பாதை முழுதாகத் திறக்கப்போவதைக் கொண்டாட, வழக்கமான கால அட்டவணை வண்டியாகவே டொர்னாடோ நீராவி இன்ஜினை மூன்று நாள் ஓட்டினார்கள். சாதா டிக்கெட் வாங்கியவரெல்லாம் நீராவி ரயிலில் போனார்கள். இந்தக் கம்பெனியைப் பற்றி எல்லோரும் நல்ல வார்த்தை சொன்ன கடைசித் தருணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

2018 மே 20. புதிய கால அட்டவணை அமலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பியவர்களுக்கு வண்டி இல்லை. என்ன ஆயிற்று? மான்செஸ்டரிலிருந்து போல்டன் வழியாகப் பிரெஸ்டன் போகும் பாதைக்கு மின்சாரக் கம்பி போடும் வேலை நெட்வொர்க் ரெயிலுடையது. கம்பம் நட பூமியைத் துளைத்தால் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் குறுக்கிட்டன. வேலை தள்ளிக்கொண்டே போனது. மே மாதத்துக்குள் முடியாது என்பது அந்த வருடத் தொடக்கத்தில்தான் உறுதியானது. மின்சார வண்டியை நம்பிப் போட்டிருந்த அட்டவணையை டீசலுக்கு மாற்றி எழுத வேண்டிய நிலை. பல மாதத்தில் செய்ய வேண்டிய வேலையைச் சில வாரத்தில் செய்தார்கள்.

அட்டவணை எப்படியோ தயாராகிவிட்டது. டிரைவர்கள் தயாராகவில்லை. ரயில் டிரைவர் எந்தப் பாதையிலும் ஓட்டிவிட முடியாது. சிக்னல் எங்கே, சரிவு எங்கே, எங்கே வேகம் குறைக்க வேண்டும் என்று அந்தப் பாதையைப் பழகி, தெரியும் என்று கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நம் லோகோ பைலட்டுகளுக்கும் இந்த விதி உண்டு. பிளாக்பூல் பாதையை மின்மயமாக்க 2017 நவம்பரில் மூடினார்கள். மார்ச் கடைசியில் திறக்க வேண்டியது, ஏப்ரல் 16-ல்தான் திறந்தது. பல மாதம் ஓட்டாததால் அந்த டிரைவர்கள் மறுபடி பழக வேண்டும். மற்றவர்கள் புதுப் பாதைகளைப் பழக வேண்டும். பழகப் போன டிரைவரால் அன்றைக்கு வண்டி ஓட்ட முடியாது. டிரைவர் இருக்கும் இடத்தில் வண்டி இல்லை, வண்டி இருக்கும் இடத்தில் அந்தப் பாதை தெரிந்த டிரைவர் இல்லை.

ஜூன் 4 முதல் தினம் 165 வண்டிகளை வெட்டி அவசர அட்டவணை போட்டார்கள். ஏரி மாவட்டத்தின் விண்டர்மியர் பாதையில் சில வாரம் நார்தர்ன் வண்டியே இல்லை, பஸ்தான். உல்லாசப் பயணிகள் குவியும் ஜூன் மாதத்தில்! கடைசியில் நீராவிச் சுற்றுலா ரயில் நடத்தும் வெஸ்ட் கோஸ்ட் ரெயில்வேஸ் தன் டீசல் இன்ஜினையும் பழைய பெட்டிகளையும் கொண்டுவந்து அந்தப் பாதையில் இரண்டு வாரம் ஓட்டியது. ரயில் ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் ஸ்டீஃபன் கிளேஸ்டர் நடத்திய விசாரணை நெட்வொர்க் ரெயில், ரயில் கம்பெனிகள், போக்குவரத்துத் துறை, தன் சொந்த ஆணையம் என எல்லோர் மேலும் குறை சொன்னது. மொத்த அமைப்புக்கும் பொறுப்பாக ஒருவரும் இல்லை என்பது அதன் சாரம். 1993-ல் துண்டு போட்டதற்கான பில் இது.

மே 2018 ஒரே நாளில் வந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். மான்செஸ்டரில் ஆர்ட்சால் கார்ட் என்ற குட்டி இணைப்புப் பாதையை 2017 டிசம்பரில் திறந்திருந்தார்கள். நகரின் விக்டோரியா, பிக்காடில்லி ஸ்டேஷன்களை அது இணைத்தது. அதனால் பிக்காடில்லியின் 13, 14 நடைமேடைகள் வழியாகப் போக வேண்டிய வண்டிகள் கூடின. அதோடு சேர்த்துக் கட்ட வேண்டிய 15, 16 நடைமேடைகளைக் கட்டவே இல்லை. போதாக்குறைக்கு, வண்டியில் கார்டு வேண்டுமா, டிரைவரே கதவைத் திறந்து மூடினால் போதாதா என்ற சண்டையில் கார்டுகளின் சங்கம் சனிக்கிழமை தோறும் வேலைநிறுத்தம். அது 2019 பிப்ரவரி வரை இழுத்தது.

புது ரயில்கள் 2019 ஜூலையில் ஓடத் தொடங்கின. நல்ல வண்டிகள். ஆனால் காலம் கடந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான விதிப்படி 2019 முடிவோடு போக வேண்டிய பேஸர்களில் ஒரு பகுதி விலக்கு வாங்கிக்கொண்டு 2020 நவம்பர் 27 வரை ஓடின. அதற்குள் கம்பெனியே போய்விட்டது. 2020 ஜனவரியில் மந்திரி கிராண்ட் ஷாப்ஸ் ஒப்பந்தத்தை முடித்துவைப்பதாக அறிவித்தார். மார்ச் 1 அன்று நார்தர்ன் டிரெயின்ஸ் லிமிடெட் என்ற அரசுக் கம்பெனி பொறுப்பேற்றது. மூன்று வாரத்தில் கொரோனா ஊரடங்கு.

பிறகு சரியாகிவிட்டதா என்றால், இல்லை. இதைச் சொன்னால் அரசுடைமை வேண்டும் என்பவர்களுக்கும் பிடிக்காது, வேண்டாம் என்பவர்களுக்கும் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். பழைய மேற்குப் பகுதியில் கார்டுகளுக்கு ஞாயிறு வேலை நாளில் சேராது. விருப்பப்பட்டால் ஓவர்டைம் பார்க்கலாம், இல்லாவிட்டால் இல்லை. கிழக்கில் விதி வேறு. கம்பெனிகள் எத்தனை மாறினாலும் பணி நிபந்தனை மாறாது என்று மேலே சொன்னேனே, அது இதுதான். 2004-ல் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்தார்கள், ஊழியர்களின் பணி ஒப்பந்தங்களைச் சேர்க்கவில்லை. பெரிய கால்பந்து ஆட்டம், நல்ல வெயில், கிறிஸ்துமஸ் நெருக்கம் என்றால் மேற்கில் ஞாயிறு வண்டிகள் கொத்துக் கொத்தாக ரத்தாகும். 2024-ல் வடக்கின் மேயர்கள் அடங்கிய குழு நிர்வாகத்தைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. ஊழியர்களுக்குத் தகவல் அனுப்ப இன்னும் ஃபேக்ஸ் மெஷின் பயன்படுத்துகிறோம் என்று அப்போது நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதை மாற்றவும் சங்கத்தோடு ஒப்பந்தம் வேண்டுமாம்.

உங்கள் கேள்வியின் கடைசித் துண்டு, இனியும் பெயர் மாறுமா என்பது. 2024 நவம்பரில் வந்த சட்டப்படி, ஒப்பந்தம் முடிய முடிய எல்லாப் பயணி ரயில் கம்பெனிகளும் அரசுக்கு வருகின்றன. டிரான்ஸ்பென்னைன் 2023-லேயே வந்துவிட்டது. கடைசியில் தண்டவாளம், வண்டி ஓட்டம் இரண்டையும் கிரேட் பிரிட்டிஷ் ரெயில்வேஸ் என்ற ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவருவது திட்டம். ஆகவே இன்னொரு முறை பெயின்ட் அடிப்பார்கள். ஆனால் அந்தப் பெயின்ட் ஏறப்போகும் வண்டிகளில் ஒரு பகுதி, பேஸருக்கு அடுத்து 1980-களில் வந்த ஸ்பிரின்டர் ரகங்கள். அவற்றை மாற்ற 450 ரயில்கள் வரை வாங்க டெண்டர் வேலை நடக்கிறது. அது வரும் வரை, மான்செஸ்டர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை எங்காவது போக வேண்டியிருந்தால், சனிக்கிழமை ராத்திரியே வண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.